கடலை மிட்டாயை விட்டவர்

“அம்மா, எனக்கு எப்பதான் காவி குடுப்பீய?”

கேட்டவர் ஆவுடையப்பன். பஸ் கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு ஆற்றங்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தவர். ஐம்பது தாண்டியாயிற்று. மடத்தை நடத்தும் பிரமு அம்மாளுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அந்த அம்மாள் பேசுவது குறைவு. பேசினால் எதிரே இருக்கிறவர் தப்பிக்க முடியாது.

“காவி கேக்குத அளவுக்கு என்னத்த விட்டீரு?”

“கடலை மிட்டாய விட்டுட்டேன்.”

இது சின்ன விஷயமில்லை. வந்த புதிதில் அவர் சட்டைப் பையில் மிட்டாய் இல்லாத நாளே கிடையாது. எல்லோரும் கண்ணை மூடித் தியானத்தில் இருக்கும்போது இவர் பக்கமிருந்து கடக் கடக்கென்று சத்தம் வரும்.

“வேற?”

“பாயசத்தத் தொடுததில்ல. முறுக்கு, சீடை எதுவும் கிடையாது. சோறே ரெண்டு வாய்தான். பேச்சும் கொறஞ்சுபோச்சு.”

அத்தனையும் உண்மை. மடத்துக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவரும், பொய் சொல்வானேன், காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டித்தான் உட்கார்ந்தார்.

பிரமு அம்மாள் எழுந்து கிணற்றடிக்குப் போனார். மார்கழிக் குளிர். அப்போது இறைத்த தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து நீட்டினார்.

“குடியும்.”

ஆவுடையப்பன் தலையை இடது பக்கம் சாய்த்து, ஓரமாக ஊற்றிக்கொண்டார். அப்படியும் கொஞ்சம் வலது பக்கம் போய்விட்டது. முகம் சுருங்கியது.

“வாயத் தொறயும்.”

திறந்தார். வலது கடைவாய்ப் பல்லில் கருப்பாக ஒரு குழி.

“எப்பருந்து இது?”

“ஆடியிலருந்து இருக்கும்மா. வலியெல்லாம் கிடையாது. இனிப்போ குளிர்ச்சியோ பட்டா சுள்ளுன்னு ஒரு கூச்சம். உடனே போயிரும். வலிச்சா பாத்துக்கிடலாம்னு இருக்கேன்.”

“மிட்டாய எப்ப விட்டீரு?”

ஆவுடையப்பன் கிணற்றைப் பார்த்தார்.

“ஆடியிலதான்,” என்றார் கடைசியில்.

“கெளம்பும். டாக்டர்ட்ட போவோம்.”

“அழியப்போற உடம்புக்கு எதுக்கும்மா வைத்தியம்?”

“அழியட்டும். நீரு ஆட்டோவுல ஏறும்.”

ஏறினார். உள்ளதைச் சொன்னால், அவருக்கு ஊசி என்றால் பயம். அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

பல் டாக்டர் மெர்லின் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

“சொத்தை ஆழமாத்தான் போயிருக்கு. ஆனா நரம்பத் தொடல. இப்பவே சுத்தம் பண்ணி அடைச்சிட்டா பல்லு நிக்கும்.”

“வலிக்கவே இல்லயே டாக்டர். பொங்கல் கழிச்சு வரட்டுமா?”

“வலி வந்த பிறகு வந்தீங்கன்னா, அடைக்கிறது பத்தாது ஐயா. வேர் வரைக்கும் போகணும். இல்லன்னா பிடுங்கணும்.”

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். பிரமு அம்மாள் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

“சரி, அடைங்க,” என்றார் ஆவுடையப்பன்.

ஊசி எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இதற்கா இத்தனை மாதம் பயந்து செத்தோம் என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று. டாக்டர் சொத்தையைச் சுரண்டி எடுத்தார், குழியை அடைத்தார், கடித்துப் பார்க்கச் சொன்னார்.

“நாளையிலருந்து ரெண்டு பக்கமும் நல்லா மெல்லலாம்.”

மறுநாள் காலை தியானம் முடிந்தது. ஆவுடையப்பன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கும்பிட வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். பிரமு அம்மாள் வந்து அவர் முன்னால் ஒரு கடலை மிட்டாயை வைத்தார்.

“நான்தான் அத விட்டுட்டேனேம்மா.”

“விட்டது உம்ம பல்லு. அதத்தான் நேத்து சரிபண்ணியாச்சே.”

ஆவுடையப்பன் மிட்டாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எடுத்து, வலது பக்கமே வைத்துக் கடித்தார். கடக். கூசவில்லை. வெல்லம் தொண்டையில் இறங்கியபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்.

“காவி இருக்கட்டும்மா,” என்றார், மென்றுகொண்டே. “இன்னொண்ணு இருக்கா?”