தின்னாத புழு

பண்ணையார் பரமசிவத்துக்கு விஷ மருந்து அடித்தால்தான் விவசாயம். வேறு பேச்சே கிடையாது. குத்தகைக்காரி ஒச்சம்மாளோ, கடலைச் செடியில் புழு விழுந்ததும் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளித்துவிட்டாள். மறுநாளே பண்ணையார் ஆட்களோடு வந்து நின்றார்.

"புழு உசுரோட நெளியுது. ஒண்ணு கண்ணுல பட்டாலும் குத்தகை கிடையாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"நெளியுதுங்கய்யா. இலையில புது ஓட்டை இருக்கா, பாருங்க."

குனிந்து தேடினார். ஒன்றுகூட இல்லை.

"கசப்புல தீனியை விட்டுருச்சு. பட்டினி கிடந்து தானாச் சாகும். நேத்து டீக்கடையில உங்க வீட்டோட மாப்பிள்ளையைப் பத்தி நீங்கதானே சொன்னீங்க, 'இருந்துட்டுப் போகட்டும், தின்னாம இருந்தாப் போதும்'னு?"

ஆட்கள் சிரித்துவிட்டார்கள்.

"சரி சரி, நீயே உழுது தொலை" என்று பண்ணையார் துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார். வரப்பு முனை வரை போனவர் தனியாகத் திரும்பி வந்தார்.

"ஏ ஒச்சம்மா, ஒரு ஆளுக்கு எவ்வளவு கலக்கணும்?"