பின்னால் ஆள் இருக்கும்

“நீங்க பின்னால நின்னா எல்லாம் வருது தம்பி. நகர்ந்தா கை மரத்துப்போகுது.”

செண்பகவல்லி அம்மாள் மொத்த ஜவுளிக் கடையில் பில் எழுதுகிறவள். திங்கட்கிழமை முதல் பில்லெல்லாம் கம்ப்யூட்டரில். தனியாகப் போட வராதவர்கள் குடோனில் மூட்டை எண்ணப் போக வேண்டும். குடோன் மாடியில். அவளுக்கு முழங்கால் வலி.

அன்று சனிக்கிழமை.

பயிற்சி கொடுக்க வந்த தாவூத் அதிகம் பேசுகிறவன் இல்லை. பாதிக் கேள்விக்கு ‘ம்’தான் பதில்.

“தப்பா ஒண்ண அமுக்கி எல்லாம் அழிஞ்சு போச்சுன்னா?”

“நேத்து தப்பா அமுக்கினீங்களா?”

“நிறைய.”

“அழிஞ்சுதா?”

“அதான் நீங்க நின்னீங்களே!”

தாவூத் ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்குப் பின்னால் போட்டான்.

“பின்னால ஆள் இருக்கும். திரும்பாம போடுங்கக்கா.”

தலைக்கு மேல் ஃபேன் கடகடத்தது. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கடைப் பேரு அடிச்சிட்டேன். சரிதானே?”

“ம்.”

“வேட்டி பன்னெண்டு. அடுத்த கட்டத்துக்குப் போகட்டுமா?”

“ம்.”

“ஐயையோ! துண்டு இருபதுன்னு போட்டா எரநூறுன்னு விழுந்திருச்சு. அழிச்சிட்டு மறுபடி போடவா?”

பின்னால் டீ உறிஞ்சும் சத்தம்.

“ம்.”

அழித்தாள். போட்டாள். கூட்டுத்தொகை வந்தது. மனக்கணக்காகவும் போட்டுப் பார்த்தாள். ஒத்துப்போனது.

பிரிண்டர் கரகரத்துக் காகிதத்தைத் தள்ளியது.

அடுத்த பில். அதற்கடுத்தது. போகப்போகக் கேள்விகள் குறைந்தன. கடைசி பில்லுக்கு அவள் கேட்கவே இல்லை. பின்னாலிருந்து “ம்” மட்டும் தானாக வந்தது.

“வந்திருச்சு தம்பி!”

திரும்பினாள்.

நாற்காலியில் வாட்ச்மேன் இருளப்பன் உட்கார்ந்திருந்தார். கையில் டீ கிளாஸ்.

ஜன்னலுக்கு வெளியே தாவூத் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நீங்க எப்ப வந்தீங்க?”

“மொத பில்லுக்கு முன்னாடியேம்மா. அந்தத் தம்பிதான் உக்கார வச்சாரு. அம்மா எது கேட்டாலும் ‘ம்’ சொல்லுங்கன்னாரு.”

“உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?”

இருளப்பன் பதறி எழுந்தார். டீ சிந்தியது.

“ஏம்மா? நான் தப்பா ஏதும் சொல்லிட்டேனா?”