நண்டூருக்குப் பாலம் வந்த விதம்

நண்டூர்க்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். இருக்கிறது. உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடுமே என்று யாரும் அதை வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

கருவாட்டு வியாபாரி சந்தியாகு அதை எடுக்காமலே முன்னுக்கு வந்தவர். கோபம் மூக்கு நுனியில். பேரத்தில் தோற்றதே கிடையாது. அவர் மகள் சலேத்மேரிக்குக் கிளித்தீவில் மாப்பிள்ளை அமைந்தது. எல்லாம் பேசி முடித்து வெற்றிலையைக் கையில் எடுக்கும்போது, மாப்பிள்ளையின் அப்பா கயித்தான் இழுத்தார்.

“எங்க தீவுக்குப் பாலம் இருக்கு. உங்க ஊருக்கு?”

பாலம் இல்லாத ஊரில் பெண் எடுத்தால் நாலு பேர் சிரிப்பார்களாம். ஈஸ்டர் முடிந்து வருவேன், பாலம் இருந்தால் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சந்தியாகு நேரே அரசாங்க ஆபீசுக்குப் போய் மேசையைத் தட்டினார். அதிகாரி வரைபடத்தைப் பார்த்தார். பாலம் தீவுகளுக்குத்தான், உங்கள் ஊருக்கு மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் தரை, அதன் பெயர் தீபகற்பம், கிடையாது, போங்கள் என்றார்.

ஊர் கூடியது. கப்பலில் சமையல் பார்த்துத் திரும்பிய இஞ்ஞாசியிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஜெர்மன்காரன் அதைப் பாதித் தீவு என்பான். ருஷ்யாக்காரனும் அப்படியே. இந்திக்காரன் பெரும்பாலும் தீவு என்பான். ஆதியில் லத்தீன்காரன் வைத்த பெயரோ, கிட்டத்தட்டத் தீவு.

சந்தியாகுவின் கண் மின்னியது. “கேட்டீங்களாவே? பாதியில ஆரம்பிச்ச பேரம் கிட்டத்தட்ட வரைக்கும் ஏறி வந்துட்டு. லத்தீன்காரன் விலைக்கே முடிச்சிருவோம். மிச்சம் இத்தனூண்டு. அதை நாமளே போட்டுக்கிடுவோம்.”

அந்த இத்தனூண்டு, ஊரைக் கரையோடு சேர்த்திருந்த மணல் திட்டு. வெட்டத் தொடங்கினார்கள். வெட்டிய மணலை எங்கே கொட்டுவது என்று பெரிய விவாதம். நம் பக்கம் கொட்டினால் தீவு பெருத்துவிடும் என்றார் ஒருவர். அந்தப் பக்கம் கொட்டினால் அக்கரைக்காரனுக்கு ஓசி மணல் என்று சந்தியாகு சீறினார். கடைசியில் ஆளுக்கொரு கூடையாகத் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

தீவு தயார் என்று சொல்லி அனுப்பியதும் அதிகாரி ஜீப்பில் வந்தார். வந்தவர் அக்கரையிலேயே நின்றுவிட்டார். உள்ளே வந்து பார்க்காமல் பாலம் தர முடியாதாம். பாலம் இல்லாமல் உள்ளே வரவும் முடியாதாம். படகை அனுப்பலாமா என்று இஞ்ஞாசி கேட்டார்.

“படகு இருக்குன்னு தெரிஞ்சா பாலம் தருவானாவே? எல்லாத்தையும் ஓலை போட்டு மூடு,” என்றார் சந்தியாகு. “பெரிய மனுசனைத் தண்ணியில இறக்குறதும் மரியாதை இல்ல. கூடையைக் கவுத்துங்க.”

வெட்டிய பள்ளத்திலேயே கவிழ்த்தார்கள். அதிகாரி செருப்பு நனையாமல் நடந்து வந்தார். திரும்பிப் பார்த்தார். “எங்கய்யா தீவு?”

“அந்தப் பக்கமே நின்னிருந்தா தீவாத்தானே இருந்திருக்கும்? நீங்க வந்து கெடுத்துட்டு எங்களைக் கேக்கீங்க,” என்றார் சந்தியாகு.

அதிகாரி வந்த வழியே போய் ஜீப்பில் ஏறினார்.

ஜீப் கிளப்பிய புழுதி அடங்கும் முன்னே கயித்தான் சொந்தபந்தங்களோடு வந்து இறங்கினார். இடது பக்கம் கடல். வலது பக்கம் கடல். நடுவே புதிதாகக் கொட்டிய பாதை. சந்தியாகு காலிக் கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். சலேத்மேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

கயித்தான் பாதையில் ஏறி ஓங்கி மிதித்துப் பார்த்தார். “சம்பந்தி, எங்க பாலம் லாரி போனா ஆடும். இது அசையவே இல்லையே.”

சந்தியாகுவுக்கு உயிர் திரும்பியது. “அப்படிப்பட்ட பாலம் சும்மா கிடைக்குமா? போடுறதாச் சொன்ன நகையில ரெண்டு வளையலைக் கொறைச்சுக்கிடுவோம்.”

கயித்தான் வெற்றிலையை நீட்டினார்.

கல்யாணம் முடிந்த மறுநாள் இஞ்ஞாசி பாலத்தின் பக்கவாட்டில் முங்கிப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்து ஏறினார். அடியில் ஒரு தூண்கூட இல்லை.

அன்றிலிருந்து நண்டூரில் ஒரு வண்டியும் அதன்மேல் போவதில்லை. ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, ஒவ்வொருவராகத்தான் கடக்கிறார்கள். சந்தியாகுவின் கருவாட்டு மூட்டைகள் எல்லாம் படகில் போகின்றன. தூணே இல்லாத பாலத்தை நம்பி எவன் பாரம் ஏற்றுவான்?