தலையணைக் கம்பெனி ஆன்லைனுக்குப் போனது

போடிநாயக்கனூரில் சுகநித்திரைத் தலையணைக் கம்பெனி என்று ஒன்று இருந்தது. மொத்தம் நான்கு பேர். முதலாளி சுருளிவேல், மேனேஜர் தவசிமுத்து, தையல்காரம்மா ஒச்சம்மாள், வாட்ச்மேன் பரமன். நால்வரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அவர்களுக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான்.

ஆறு மாதமாக வியாபாரம் படுத்துக் கிடந்தது. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். அந்த நேரத்தில் சென்னையில் லேடீஸ் ஹாஸ்டல் நடத்தும் மெர்சி மேடம் போன் செய்தார். புது ஹாஸ்டலுக்கு முந்நூறு தலையணை வேண்டுமாம்.

“என்னால நேர்ல வர முடியாது. ஒரு லேப்டாப் வாங்கிக்குங்க. புதன்கிழமை பதினோரு மணிக்கு ஆன்லைன்ல மீட்டிங். முதல்ல நீங்க வெயிட்டிங் ரூம்ல இருப்பீங்க, நான் பார்த்து உள்ளே விடுவேன். பாஸ்வேர்டு போன்ல வரும். அதை யாருக்கும் சொல்லிடாதீங்க.”

சுருளிவேல் ஒரு வார்த்தை விடாமல் தாளில் எழுதிக்கொண்டார்.

“நம்ம ஊர்ல வெயிட்டிங் ரூம் எங்கேய்யா இருக்கு?” என்று கேட்டார்.

“ரயில்வே ஸ்டேஷன்லதான். பஸ் ஸ்டாண்டுல வெறும் பெஞ்சு,” என்றார் தவசிமுத்து.

புதன்கிழமை நால்வரும் குளித்து, துவைத்த துணி உடுத்தி, புது லேப்டாப்பை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். முறைப்படி நான்கு பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தார்கள். லேப்டாப்புக்கும் ஒன்று எடுக்க வேண்டுமா என்று பரமன் கேட்டதற்கு, மடியில் வைத்துக்கொண்டால் வேண்டாம் என்று முடிவாயிற்று.

பதினொன்றேகாலுக்கு மேடம் கூப்பிட்டார். “எங்கே இருக்கீங்க?”

“வெயிட்டிங் ரூம்லதான் மேடம். பத்து மணிக்கே வந்துட்டோம்.”

“இங்கே யாரையும் காட்டலையே.”

சுருளிவேல் மற்ற மூவரையும் எழுந்து நிற்கச் சொன்னார். “இப்ப தெரியுதா மேடம்?”

தெரியவில்லை. மேடம் பொறுமைசாலி. கம்பெனிக்கே திரும்பிப் போய் மூன்று மணிக்கு லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார்.

திறந்தார்கள். அது பாஸ்வேர்டு கேட்டது.

“யாருக்கும் சொல்லாதீங்கன்னு மேடம் சொல்லியிருக்காங்க. இது கேக்குதே,” என்றார் சுருளிவேல்.

தவசிமுத்து பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும் தேறியவர். “யாருன்னா உயர்திணை. லேப்டாப் அஃறிணை. அதனால சொல்லலாம்.”

“கேள்வியெல்லாம் கேக்குது. அது எப்படி அஃறிணை?” என்றார் பரமன்.

“கிளியும்தான் பேசுது.”

ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் மூவரும் உயர்திணை என்பதால் வெளியே அனுப்பப்பட்டார்கள். சுருளிவேல் கதவைச் சாத்திக்கொண்டு, லேப்டாப்பின் பக்கத்தில் இருந்த ஓட்டையில் வாயை வைத்து மூன்று முறை சொன்னார். அது அசையவில்லை. இந்தக் காது மந்தம்போல என்று மறுபக்க ஓட்டையிலும் சொன்னார்.

“மொதலாளி, எழுதிப் பாருங்க. எழுதினா சொன்னதாகாது,” என்றார் ஒச்சம்மாள் வெளியிலிருந்து.

சுருளிவேல் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். மேடத்தின் முகம் வந்துவிட்டது. மூவரும் உள்ளே ஓடிவந்தார்கள். நால்வரும் ஒரே நேரத்தில் வணக்கம் சொல்லி, மேடத்தின் உடம்பையும், வீட்டில் உள்ளவர்களையும், சென்னையில் மழை உண்டா என்பதையும் விசாரித்தார்கள்.

“ஒரே சத்தமா இருக்கு. மியூட் பண்ணுங்க.”

மியூட் என்றால் என்ன என்று டிவி ரிமோட்டால் நால்வருக்கும் தெரியும். வாயை இறுக மூடிக்கொண்டார்கள்.

“தலையணையில என்ன பஞ்சு வைக்கிறீங்க?”

ஒச்சம்மாள் ஒரு கை இலவம் பஞ்சை எடுத்து மேடத்தின் முகத்துக்கு நேராக ஊதிக் காட்டினார். அது பரமனின் மூக்கில் ஏறியது. மியூட்டில் தும்மலாமா என்று தெரியாமல் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். கண் இரண்டும் சிவந்து பிதுங்கின.

“அந்த அண்ணனுக்கு என்ன ஆச்சு? மியூட்டை எடுத்துட்டுப் பேசுங்க.”

பரமன்தான் முதலில் பேசினார். ஏழு தும்மல்.

“சரி, அங்கே ஒரே இருட்டா இருக்கு. சரக்கு போட்டோ இருந்தா ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்க,” என்றார் மேடம்.

நால்வரும் ஜன்னலைப் பார்த்தார்கள். கம்பெனியில் இருந்தது அங்கே தொங்கிய ஒரே ஸ்கிரீன் துணிதான். பெரிய மயில் படம் போட்டது. முதலாளியின் மனைவி ஆசையாக வாங்கி மாட்டியது.

“எனக்குப் பாதி, மத்தவங்களுக்கு மீதின்னு வச்சுக்கலாமா?” என்றார் சுருளிவேல்.

“மேடம் பார்த்துக்கிட்டு இருக்காங்க. ஓரவஞ்சனை பண்ணினா ஆர்டர் போயிரும்,” என்றார் தவசிமுத்து.

ஒச்சம்மாள் அளவெடுத்து நான்காக வெட்டினார். முதலாளிக்கு மயிலின் தலை, மேனேஜருக்குத் தோகை, ஒச்சம்மாளுக்கு வயிறு.

“எனக்கு வெறும் காலுதான் வந்திருக்கு,” என்றார் பரமன்.

“உன்னுது நின்னுகிட்டே பார்க்கிற வேலை. அதுதான் பொருத்தம்,” என்றார் ஒச்சம்மாள்.

ஜன்னலில் ஸ்கிரீன் இல்லாததால் வெயில் உள்ளே கொட்டியது. பின்னால் அடுக்கியிருந்த தலையணையெல்லாம் வெள்ளை வெளேரென்று தெரிந்தன.

“அடடே, இதுதானா? நல்லா இருக்கே. முந்நூறும் உங்ககிட்டயே எடுத்துக்கறேன். மாசக் கடைசிக்குள்ள அனுப்புங்க. சரி, மீட்டிங் முடிஞ்சுது. எல்லாரும் லீவ் பண்ணிடுங்க.”

முகம் மறைந்தது.

“ஆர்டரும் கொடுத்து லீவும் கொடுக்கறாங்க. தங்கமான மனுஷி,” என்றார் ஒச்சம்மாள்.

“எனக்குமா லீவ்?” என்றார் சுருளிவேல்.

“எல்லாரும்னு சொன்னாங்களே மொதலாளி.”

“லெட்டர் கொடுக்காம போனா நல்லா இருக்காது. யாருக்குக் கொடுக்கிறது?”

“லீவ் கொடுத்தவங்களுக்குத்தான்.”

நான்கு லீவ் லெட்டர்கள் பதிவுத் தபாலில் சென்னைக்குப் போயின. காரணம் என்ற இடத்தில் நால்வரும் “மீட்டிங் முடிந்தபடியால்” என்று எழுதியிருந்தார்கள். பரமனின் லெட்டரில் மட்டும் கூடுதலாக ஒரு வரி: “காவலுக்கு ஆள் இல்லாததால் கேட்டைப் பூட்டி, இருக்கிற ஒரே சாவியை இத்துடன் இணைத்துள்ளேன்.”

மேடம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுருளிவேலுக்குப் போன் செய்தார். “லீவெல்லாம் வேண்டாங்க. சாவியைக் கூரியர்ல அனுப்புறேன். திறந்து வேலையை ஆரம்பிங்க. எந்த அட்ரஸுக்கு அனுப்பட்டும்?”

“கம்பெனி அட்ரஸுக்கே அனுப்புங்க மேடம். கேட் பூட்டியிருக்கும், உள்ளே தூக்கிப் போட்டுறச் சொல்லுங்க.”

கூரியர்காரர் அப்படியே செய்தார். மறுநாள் காலை நால்வரும் கேட் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஐம்பதடி தள்ளி, கவர் கிழிந்து, சாவி மின்னிக்கொண்டு கிடந்தது.

“பத்திரமா வந்து சேர்ந்திருச்சு,” என்று சுருளிவேல் நிம்மதியாக மூச்சுவிட்டார். பிறகு பரமனைக் கூப்பிட்டு, யாரும் உள்ளே போய் அதை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.