பிழை இல்லாத செவ்வாய்க்கிழமை

பாளையங்கோட்டையில் ஓர் அறக்கட்டளை இருந்தது. டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக அது இரண்டு வண்டிகளை ஓட்டியது. வண்டி வேண்டியவர்கள் முந்தின நாளோ அன்று காலையோ அதன் இணையதளத்தில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். பெயர், ஊர், போக வேண்டிய நேரம், அவ்வளவுதான்.

தளத்தைப் பார்த்துக்கொண்டவள் பெனினா. அவளிடம் வேலை கற்க வந்தவர் கோமதிநாயகம். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவர், அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் 'மேடம்' என்பார். அவள் 'சார்' என்பாள். யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றினார்கள். திங்கள் காலை படிவம் அனுப்பியவர்களுக்கெல்லாம் 'பிழை 404, பக்கம் கிடைக்கவில்லை' என்று வந்தது. அலுவலகத்துக்குப் போன் மேல் போன்.

"இதுக்கு எதுக்கு ஒரு வெப்சைட்?" என்று திட்டினார்கள். திட்டி முடித்ததும் வண்டி கேட்டார்கள். கோமதிநாயகம் பெயர்களைத் தாளில் எழுதி டிரைவருக்குச் சொன்னார். அன்றே அவர்களுக்கு வண்டி போனது.

பெனினா அன்று ஊரில் இல்லை. "நானே பார்த்துக்கிறேன் மேடம்" என்று போனில் சொல்லிவிட்டார்.

விவரங்கள் உள்ளே போய்ச் சேர்ந்துவிடுகின்றன, கடைசியில் காட்ட வேண்டிய பக்கம்தான் காணாமல் போகிறது என்று அவர் நினைத்தார். ஒரு விதி எழுதினார். சர்வருக்குத் தெரியாத முகவரி எது வந்தாலும், 'நன்றி. உங்கள் பதிவு கிடைத்தது, வண்டி வரும்' என்ற பக்கத்துக்கு அது திருப்பிவிடும். மதியத்தோடு பிழைகள் நின்றன. போனும் நின்றது. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்குப் பெனினா வந்தாள்.

"நேத்து மதியத்துலேருந்து ஒரு பிழைகூட இல்ல மேடம். சர்வர் நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாமா?"

அவள் திரையைப் பார்க்கவில்லை. டிரைவர் இசக்கியைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு எத்தனை பேரை ஏத்தினீங்க?"

"ஒருத்தரையும் இல்லம்மா. பதிவே வரலயே. ரெண்டு வண்டியும் ஷெட்டுலதான் நிக்குது."

"மத்த செவ்வாய்க்கிழமையில?"

"பத்துப் பன்னெண்டு பேருக்குக் குறையாது."

கோமதிநாயகம் நாற்காலியை இழுத்துப் போட்டு, சர்வருக்கு எது எப்போது வந்தது என்று குறித்து வைக்கும் லாகைத் திறந்தார். படிவம் பழைய முகவரிக்கே விவரங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. அவற்றை வாங்கி வைக்க வேண்டிய நிரலோ வேறொரு முகவரியில் காத்திருந்தது. நடுவில் அவருடைய விதி, வந்த பதினான்கு பேருக்கும் நன்றி சொல்லி அனுப்பியிருந்தது.

"பேரு இருக்கா சார்?"

"இல்ல மேடம். நேரம் மட்டும்தான் இருக்கு."

அவள் வழக்கமான நோயாளிகளின் பட்டியலை அச்செடுத்தாள். நாற்பது பேர். தாளைக் குறுக்கே கிழித்துப் பாதியை அவரிடம் கொடுத்தாள். இருவரும் கூப்பிட ஆரம்பித்தார்கள். சிலர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆட்டோவில் போயிருந்தார்கள். சிலர் இன்னும் வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு வண்டி கிளம்பியது.

பதிவு செய்திருந்தவர்களில் பதினான்காவது வீடு செய்துங்கநல்லூரில். சண்முகக்கனி என்ற அம்மாளுக்குப் பதிலாக அவள் கணவர் எடுத்தார்.

"பதிவு கிடைச்சுது, வண்டி வரும்னு போட்டிருந்துச்சே. அதை நம்பித்தான் ஆறு மணிக்கு வந்த ஆட்டோவைத் திருப்பி அனுப்பினேன். இப்ப அவளுக்கு மூச்சு வாங்குது."

வண்டி போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. சண்முகக்கனியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள்.

கோமதிநாயகம் தன் விதியைத் தானே அழித்தார். படிவம் அனுப்பும் முகவரியையும் நிரல் காத்திருக்கும் முகவரியையும் ஒன்றாக்கினார். ஒரு சோதனைப் பதிவை அனுப்பி, இசக்கியின் போனில் அது வந்துசேர்ந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எழுந்தார். பெனினா ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனார். சண்முகக்கனியின் கணவரான பெரியவர் நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க யாரு?"

"வண்டி அனுப்பியிருக்க வேண்டியவன்."

பெரியவர் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

நான்கு மாலைகள் அந்தப் பெஞ்சில் கழிந்தன. சனிக்கிழமை சண்முகக்கனியை வார்டுக்கு மாற்றினார்கள். கஞ்சி கேட்டாளாம்.

திங்கட்கிழமை கோமதிநாயகம் பெனினாவின் மேசைக்கு வந்தார். ஒரு வாரமாக மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"மேடம், நான் பண்ணினது தப்பு. ஆனா நாளைக்கு இன்னொரு முகவரி தப்பினாலும் ஜனங்க முன்னால அந்த 404 பக்கம்தானே வந்து நிக்கும்? அதைப் பார்த்துட்டு எவ்வளவு கோபப்பட்டாங்க. அந்தக் கோபம் வராம இருக்க ஒரு வழியும் கிடையாதா?"

"போன திங்கக்கிழமை எத்தனை பேர் போன் பண்ணித் திட்டினாங்க சார்?"

"ஒன்பது பேர்."

"அதுல யாருக்கு வண்டி போகல?"