பிடியில பதிஞ்ச விரல்

குருன்னதும் தாடி, கமண்டலம், புலித்தோலுன்னு மனசுக்குள்ள படம் ஓட ஆரம்பிச்சுதுன்னா அதை அங்கேயே நிறுத்திருங்க. நம்ம குருவுக்கு வயசு முப்பத்தொண்ணு. டிராக் பேண்ட்டு, தொப்பி, பேரு அருள்மொழி. திருச்சிக்கு வெளிய ஒரு கிளப்புல பிஸ்டல் சுடச் சொல்லிக் குடுக்கிறவங்க.

சிஷ்யப்புள்ளைக்கு வயசு ஐம்பத்தெட்டு. பேரு தணிகாசலம். தொப்பையும் உண்டு.

மைக் செட் கடை வச்சிருந்த மனுஷன் அவரு. திருவிழா மேடையில ஏறுனாருன்னா மந்திரி பேசுவாரு, சினிமா வில்லன் சிரிப்பான், பஸ் கண்டக்டர் சில்லறை கேட்டுக் கத்துவாரு, கைக்குழந்தை வீல்னு அழும். எல்லாம் இவரு ஒத்தத் தொண்டையில இருந்து. மேடைக்குப் பக்கத்துலயே ஒருத்தன் பலூன் சுடுற கடை போட்டிருப்பான். டப்பு டப்புன்னு சத்தம் கேக்கும்போதெல்லாம் தணிகாசலத்துக்கு எச்சில் ஊறும். ஆனா கையில மைக்கு. அதை எறக்கி வச்சுட்டு எங்க போறது? கூட்டம் கலைஞ்சு இவரு வயரச் சுருட்டுறதுக்குள்ள பலூன்காரன் மூட்டையைக் கட்டியிருப்பான். ஒரு வருஷமில்ல, எல்லா வருஷமும் இதே கதை.

கடையை மவன்கிட்ட விட்டாரு. அடுத்த வாரமே கிளப்புல வந்து பேரைக் குடுத்துட்டாரு.

கிளப்புல இருக்கிற பிஸ்டலைத்தான் எல்லாரும் மாத்தி மாத்திச் சுடணும். லாட்ஜு தலகாணி மாதிரி அது. யார் யாரோ தலை வச்சது. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மணி நேரம் கையில இருக்கும், அப்புறம் அடுத்த ஆளு வாங்கிக்குவாரு. திரும்பி வீட்டுக்குப் போற பஸ்ஸுல தணிகாசலத்தோட வலது கை சும்மா இருக்காது. கம்பியப் பிடிச்சாலும் பிஸ்டல் பிடிக்கிற மாதிரியே பிடிக்கும். வீட்டுல காபி டம்ளரையும் அப்படித்தான் பிடிப்பாரு. கட்டைவிரல் மேல, ஆள்காட்டி விரல் தனியா நீட்டி. பொண்டாட்டி பார்த்துட்டு, "காபியக் குடிக்கப் போறீங்களா, சுடப் போறீங்களா?"ன்னு கேப்பாங்க.

சொந்தமா ஒண்ணு வேணும். அவ்வளவுதான் அவருக்கு ஆசை. ஆனா எது?

"கோச்சம்மா, எந்தப் பிஸ்டல் வாங்கட்டும்?"

"காலை இன்னும் கொஞ்சம் அகட்டுங்க அங்கிள்."

அடுத்த ஞாயிறு.

"கோச்சம்மா, எதை வாங்கட்டும்?"

"மூச்ச விடுங்க அங்கிள். பிடிச்சு வச்சு வட்டிக்கா விடப் போறீங்க?"

அவரும் விடல, அவங்களும் சொல்லல.

இதுக்கு நடுவுல தணிகாசலம் ஒரு வேலை பண்ணிக்கிட்டிருந்தாரு. அருள்மொழி நிக்கிற மாதிரியே நிப்பாரு. இடது கை பாக்கெட்டுல, தாடை லேசாத் தூக்கி, உதட்டை ஒரு பக்கம் சுழிச்சு. தொப்பை மட்டும் இல்லேன்னா அச்சு அசல் அருள்மொழிதான். கிளப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். அருள்மொழியும் சிரிப்பாங்க. ஆனா சுட்ட அட்டையைப் பார்த்தா ஏழு மார்க்குதான். நடுவுல இருக்கிற பத்து, எவனோ பூட்டி வச்ச வீடு மாதிரி அப்படியே இருக்கும்.

ஒரு ஞாயிறு லாரன்ஸு வந்தாரு. பிஸ்டல் விக்கிறவரு. சட்டைப்பையில மூணு பேனா, வாயில முந்நூறு வார்த்தை. மேசை மேல ரெண்டு பெட்டியைத் தொறந்து வச்சாரு.

"சார், இது புதுசு. பெட்டி வாசனை கூடப் போகல, மோந்து பாருங்க. பிடியை முன்னால பின்னால தள்ளிக்கலாம், எந்தக் கைக்கும் சேரும். தொட்டா சுடும், நெனச்சா சுடும், வீட்டுல சண்டைன்னா மட்டும் சுடாது. காத்தழுத்தத்துல ஓடுறது, லைசென்ஸு தொல்லை இல்ல. அந்தப் பெட்டியில இருக்கிறது பழசு சார். ஆனா மெடல் வாங்கின பழசு."

சொல்லிட்டு ஓரக்கண்ணால அருள்மொழியைப் பார்த்தாரு. அத்தோட அவரு வாயும் நின்னுபோச்சு.

தணிகாசலம் எட்டிப் பார்த்தாரு. நீலக் குழல். கருப்பேறின மரப்பிடி. கிளப்பு ஆபீஸுல மாட்டியிருக்கிற போட்டோவுல, கழுத்துல மெடலோட சிரிக்கிற அருள்மொழி கையில இருக்கிறது இதேதான்.

அந்த மெடலுக்கு அப்புறம் ஒரு மழையில வண்டி சறுக்கி அருள்மொழிக்கு வலது மணிக்கட்டு உடைஞ்சு, உள்ள பிளேட்டு வச்சாங்க. அதுக்கப்புறம் கையத் தூக்கினா ஒரு நடுக்கம். அப்பத்தான் வித்தாங்க. இப்ப, வாங்கினவரு வெளிநாடு கெளம்பிட்டாராம், அதான் திரும்ப லாரன்ஸு கைக்கு விலைக்கு வந்திருக்கு.

"காத்து சிலிண்டரைப் பார்த்துட்டு வரேன்"னு சொல்லி அருள்மொழி வெளிய போயிட்டாங்க. சிலிண்டர் மேசைக்குக் கீழயே இருந்துச்சு.

தணிகாசலம் மொதல்ல புதுசை எடுத்துச் சுட்டாரு. எட்டு. ஒன்பது. எட்டு. திரும்ப ஒரு ஒன்பது.

"பாருங்க சார்! உங்களுக்குன்னே செஞ்சு அனுப்பின மாதிரி இருக்கு!"

தணிகாசலம் தலையை மட்டும் ஆட்டினாரு. கண்ணு அந்தப் பெட்டியில.

பழசை எடுத்தாரு. பெரிய போட்டிக்குப் போறவங்க மரப்பிடியை அவங்கவங்க கைக்குத் தகுந்த மாதிரி செதுக்கிக்குவாங்க. குறையுற எடத்துல, தச்சருங்க ஓட்டை அடைக்கிற மரப்பட்டிப் பசையை அப்பி, காயறதுக்கு முன்னால விரலை அழுத்திப் பதிச்சுக்குவாங்க. இதுலயும் மூணு விரல் பதிஞ்சிருந்துச்சு. மெலிசா, நீளமா. நம்ம ஆளுக்கு விரல் ஒவ்வொண்ணும் ஒரு பூவன் பழம். ஒடுக்கி, நெறுக்கி, பல்லைக் கடிச்சு அந்தப் பள்ளத்துக்குள்ள திணிச்சாரு. சுண்டுவிரல் உள்ள போக மாட்டேனுச்சு. விடலியே!

சுட்டாரு. ஏழு. ஏழு. ஆறு.

முகத்துல மட்டும் அவ்வளவு சந்தோஷம். யாரோ கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போற மாதிரி.

"சார், புதுசுதான் உங்களுக்கு நல்லா வருது. யாவாரத்துக்காகச் சொல்லல."

"எனக்கு இதான் வேணும்."

லாரன்ஸு காசை எண்ணி வாங்கிக்கிட்டாரு. அப்புறம் புதுசை மூடி எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

அருள்மொழி திரும்பி வந்தாங்க. கண்ணைக் கழுவிட்டு வந்த முகம்.

"எது?"

"இது."

"ஏன்?"

"எதை வாங்கறதுன்னு இத்தனை நாளாக் கேட்டேன், நீங்க வாயத் தொறக்கல. இன்னைக்கு அதுவே வந்துருச்சு கோச்சம்மா. இந்தப் பள்ளத்துல விரலை வச்சா நீங்க சுடுற மாதிரியே இருக்கு."

"எத்தன விழுந்துச்சு?"

தணிகாசலம் கூரையைப் பார்த்தாரு. "ஏழு. ஏழு. அப்புறம் ஒரு... ஆறு."

"நான் ஆறு சுட்டு எப்பவாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

அருள்மொழி கையை நீட்டுனாங்க. குடுத்தாரு. உள்ள குண்டு எதுவும் இல்லைன்னு பார்த்தாங்க. அப்புறம் விரல் ஒவ்வொண்ணா அதது எடத்துல போய் உக்காந்துச்சு. தேடவே இல்ல.

கைய மெதுவாத் தூக்குனாங்க. இடுப்பைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, தோளுக்கு வந்துச்சு. குழல் முனை அங்கயே நின்னுச்சு. அப்புறம் லேசா ஆட ஆரம்பிச்சுது. பல்லைக் கடிச்சாங்க. இன்னும் ஆடுச்சு.

எறக்கிட்டாங்க.

எறக்கின பின்னாடியும் விரலை எடுக்கல. கட்டைவிரல் மட்டும் மரத்துல மேலயும் கீழயும் தடவிக்கிட்டே இருந்துச்சு. வெளிய யாரோ பைக்கை உதைச்சு உதைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஒருவழியா அது கெளம்பிப் போச்சு.

"கோச்சம்மா, நீங்களே வச்சுக்கங்க. நான் காசு குடுத்ததா நெனைக்க வேணாம்."

"வச்சுக்கிட்டு?"



அருள்மொழி அலமாரியைத் தொறந்து ஒரு டப்பாவை எடுத்தாங்க. உள்ள அரம், உப்புத்தாள், மரப்பட்டி. பிடியை ஸ்குரூ கழட்டித் தனியா எடுத்து, முட்டிக்கு நடுவுல இறுக்கி வச்சு, விசைக்குக் கீழ வர்ற எடத்துல அரத்தை வச்சாங்க.

கர்ருக், கர்ருக்.

"ஐயையோ! என்ன பண்றீங்க?"

"குழல் நல்ல குழல். விசை நல்ல விசை. மரந்தான் உங்களுக்குச் சின்னது."

"நான் வெரலை ஒடுக்கிக்கிறேன் கோச்சம்மா! பழகிரும்! ரெண்டு மாசத்துல வெரலே மெலிஞ்சிரும், ராத்திரிச் சோத்தை நிறுத்திடறேன்!"

"சோறு உங்க வெரலுக்கா போகுது?"

கர்ருக். நடுவிரல் பள்ளம் கரைஞ்சு மாவாக் கொட்டுச்சு. அவங்க டிராக் பேண்ட் மடியெல்லாம் பழுப்புத் தூள். ஊதுனாங்க. மோதிர விரல். தணிகாசலம் ஒவ்வொரு இழுப்புக்கும் தன் கையையே யாரோ அரத்துல தேய்க்கிற மாதிரி உடம்பைச் சுளிச்சாரு.

கடைசியா சுண்டுவிரல். சின்னதா, ஒரு புளியங்கொட்டை அளவுக்குப் பள்ளம். அதுகிட்ட வந்ததும் அரம் நின்னுருச்சு. அருள்மொழி அதுல ஒரு தடவை தன் சுண்டுவிரலை வச்சுப் பார்த்தாங்க.

"அதை ஒண்ணையாவது விட்டுருங்க," தணிகாசலம் கெஞ்சினாரு. "எனக்கு எடைஞ்சலா இல்ல. சத்தியமா."

அருள்மொழி விரலை எடுத்தாங்க. உப்புத்தாளை மடிச்சுத் தேய்ச்சாங்க. மெதுவா. தேய்ச்சு முடிச்சுத் துணியால தொடைச்சப்ப பிடி வழுவழுன்னு, யாரும் தொடாத மரம் மாதிரி ஆயிருச்சு.



"அது உங்க கை, கோச்சம்மா."

அருள்மொழி மரப்பட்டியை ஒரு உருண்டை எடுத்து, தண்ணி தொட்டுப் பிசைஞ்சு, பிடி மேல கனமா அப்பினாங்க. அப்புறம் நிமிர்ந்து பார்த்தாங்க.

"என் கை என்கிட்டதான் இருக்கு அங்கிள். காயறதுக்குள்ள உங்க கையக் குடுங்க."