கெளுத்தி மீன் பதக்கம்

ஜப்பானில் ஒரு மலையோர ஊரில் ஷிஸு என்ற கல் செதுக்கும் பெண் இருந்தாள். அவளிடம் கென்பெய் சீடனாகச் சேர்ந்தபோது அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கோ நாற்பதுகூட ஆகவில்லை. அரிசி வியாபாரத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தவன் அவன். வியாபாரம் போனாலும் வியாபாரியின் வாய் போகவில்லை.

அந்த ஊரில் பூமி அடிக்கடி நடுங்கும். தரைக்கடியில் ஒரு பெரிய கெளுத்தி மீன் கிடக்கிறது, ஒரு தெய்வம் அதன் தலைமேல் கல்லை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறது, தெய்வம் கண்ணயர்ந்தால் மீன் வாலை ஆட்டிவிடும் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. அதனால் புகைநிற ஸ்படிகத்தில் கெளுத்தி மீன் செதுக்கி, பட்டுக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள்.

ஓர் இலையுதிர் காலத்தில் பெரிய நடுக்கம் வந்தது. பாதி ஊர் சாய்ந்தது. மிச்சம் இருந்தவர்கள் வீடுகளை விட்டுவிட்டு மூங்கில் தோப்பில் பாய் விரித்துக் கிடந்தார்கள். மூங்கில் வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. சின்னச் சின்ன நடுக்கங்கள் நின்றபாடில்லை.

மூன்றாம் நாள் மதியம் கென்பெய் முகமெல்லாம் சிரிப்பாக, தோப்போரத்தில் புல் வேய்ந்திருந்த பட்டறைக்குள் வந்தான். தான் முதன்முதலாகச் செதுக்கிய கெளுத்தி மீனை ஓமினேவுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். ஓமினே கைக்குழந்தைக்காரி, கணவன் வெளியூரில். தோப்புக் குளிரில் குழந்தை இருமுகிறது என்று அழுதாளாம்.

"அவளிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டாள் ஷிஸு.

"இது கழுத்தில் இருக்கும்வரை உன் கூரை விழாது, தைரியமாக வீட்டுக்குப் போ என்றேன். போய்விட்டாள், குருவே."

ஷிஸு அரத்தைப் போட்டுவிட்டுச் செருப்பும் மாட்டாமல் ஓடினாள். அப்போதுதான் கென்பெய்க்குத் தான் செய்தது உறைத்தது. அவனும் பின்னால் ஓடினான்.

ஓமினேவின் வீட்டில் ஒரு தூண் விரிசல் விட்டு, கூரை ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. அதன் அடியில் உட்கார்ந்து அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஷிஸு வாசலில் நின்று வெளியே வரச் சொன்னாள், பிறகு கெஞ்சினாள். ஓமினே அசையவில்லை. உங்கள் பட்டறைக் கல்தானே, உங்கள் சீடர்தானே கொடுத்தார், நீங்களே நம்பாவிட்டால் எப்படி என்று கேட்டாள்.

"நான் சும்மா சொன்னேன் அம்மா. வந்துவிடு" என்றான் கென்பெய்.

கொடுத்ததைத் திரும்ப வாங்கப் பார்க்கிறான் என்று நினைத்து அவள் பதக்கத்தைக் கிமோனோவுக்குள் மறைத்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் மட்டமான அரிசியைக்கூட நல்லதென்று நம்பவைத்தவன், அன்று ஓர் உண்மையை நம்பவைக்க முடியாமல் நின்றான். அவனுக்கு அழுகை வந்தது.

கூரையிலிருந்து ஓர் ஓடு நழுவி விழுந்தது.

ஷிஸு உள்ளே பாய்ந்தாள். ஓமினேவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்து அறுத்தாள். பதக்கத்தோடு தெருவில் இறங்கி ஓடினாள். குழந்தையை மார்போடு அணைத்தபடி ஓமினே துரத்தினாள். "திருடி, திருடி" என்று அவள் கத்தியது தோப்புவரை கேட்டது. பாயில் கிடந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

தோப்புக்குள் நுழைந்ததும் ஷிஸு நின்றாள். ஓமினே வந்து அவள் கன்னத்தில் அறைந்து பதக்கத்தைப் பிடுங்கினாள்.

அப்போது தரை ஆடியது. மூங்கில்கள் ஒன்றோடொன்று மோதின. எல்லோரும் குப்புற விழுந்து மண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டம் நின்றபோது ஓமினேவின் வீடு இருந்த இடத்தில் புழுதிதான் தெரிந்தது.

ஓமினே வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்தாள். குழந்தை இருமியது. பிறகு பதக்கத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, கெளுத்தி மீன் காப்பாற்றிவிட்டது என்று தேம்பினாள்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் ஊரே நின்றது. ஆளுக்கொரு கெளுத்தி மீன் வேண்டுமாம். கென்பெய் செய்ததாக இருந்தால் இன்னும் நல்லதாம். ஒரு வாரம் முன்பு இதைக் கேட்டிருந்தால் அவன் துள்ளிக் குதித்திருப்பான். இப்போது கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான்.

"குருவே, அந்தக் கல் அவள் உயிரைக் காப்பாற்றியது என்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?"

ஷிஸுவின் கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. அவள் அரத்தைத் தேடி எடுத்தாள்.

"ஆமாம், காப்பாற்றியது என்று சொல்லுங்கள். அவள் வீட்டைவிட்டு வெளியே வந்தபோது அது திருடியின் கையில் இருந்தது என்பதையும் சொல்லுங்கள்."